வாடகை அறையில் முதற் பிள்ளை: கேள்வி பதில்

வன்னிக் கிராமங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் கொழும்புப் பக்கத்துக்கும் குடிபெயர்ந்து, அங்கே முதற் பிள்ளையைப் பெற்றவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. துணுக்காய்ப் பக்கத்துக் கிராமங்களிலும் பின்னர் வவுனியா நகரிலும் வீடு வீடாகச் சென்று தாய் சேய் நலம் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற நான், ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மிஸ், எனக்கு 24 வயது. சொந்த இடம் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே. கணவரின் வேலைக்காக வவுனியாவில் ஓர் அறை எடுத்து இருக்கிறோம். பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்ததும் அம்மா ஊருக்குப் போய்விட்டார். அம்மாவின் கையில் உடனே அடங்கிய பிள்ளை என்னிடம் ஒரு மணித்தியாலம் அழுகிறது. பிள்ளை வளர்க்கும் தகுதி எனக்கு இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மகள், உங்கள் பிள்ளைக்கு இப்போது ஐந்தாறு கிழமை இருக்கும். பெரும்பாலான குழந்தைகளின் அழுகை இரண்டாம் கிழமையளவில் கூடத் தொடங்கி, ஆறாம் கிழமையளவில் உச்சத்துக்கு வந்து, மூன்று நான்கு மாதத்தில் தணிந்துவிடும். அழுகை கூடிய நாட்களும் அம்மா பஸ் ஏறிய நாளும் தற்செயலாக ஒன்றாக வந்திருக்கின்றன. நீங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சுக்குத் தகுதியின்மை என்று பெயரும் வைத்துவிட்டீர்கள்.

ஊரில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்ட அப்பாச்சி காலை நீட்டி இருப்பார், சின்னம்மா சுடுதண்ணீரை அளாவிக் கொடுப்பார், பக்கத்து வளவு மாமி சாம்பிராணித் தட்டோடு நிற்பார். இவர்களுக்கு நடுவில் பெற்றவள் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றாலே போதும். அந்தத் துணிவு ஒருத்தியுடையது அன்று, அந்த வளவுக்கே உரியது. நகரத்து அறைக்கு வந்தவள் அதைத் தான் தொலைத்துவிட்டதாக நினைக்கிறாள். தனியே அவளிடம் அது ஒருநாளும் இருந்ததில்லை.

ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளால் வருகிறது என்று உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977இல் எழுதினார்: தானே செய்து பார்த்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, மதிப்புக்குரியவர் சொல்லும் ஊக்கமான சொல், உடலும் மனமும் இருக்கும் நிலை. வாடகை அறையின் கதவு இரண்டையும் மூன்றையும் வெளியே நிறுத்திவிடுகிறது, நித்திரை இல்லாமை நான்காவதைக் கெடுக்கிறது. முதலாவது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது, அதுவே நான்கிலும் வலியது.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் போனபோது, அழுதுகொண்டிருந்த குழந்தையைத் தாயின் மடியிலிருந்து வாங்கித் தோளில் போட்டுத் தட்டினேன், குழந்தை அடங்கியது. "மிஸ்ஸின் கை பட்டதும் அடங்கிவிட்டது" என்று வீட்டார் மெச்சினார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. சைக்கிளில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன்: அந்தப் பெண் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு நான் குழந்தையை வாங்குவதை நிறுத்தி, தாயின் முழங்கையைப் பிடித்துக் குழந்தையின் தலை எங்கே சாய வேண்டும் என்று காட்டப் பழகினேன். உங்கள் அம்மா அடுத்த முறை வரும்போது அவர் சமைக்கட்டும், உடுப்புத் தோய்க்கட்டும், பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். பிள்ளை உங்கள் கையிலேயே இருக்கட்டும். அதுவரை குளிப்பாட்டுவதை மட்டும் தினமும் ஒரே நேரத்தில் நீங்களே செய்யுங்கள். பத்தாம் நாள் கை நடுங்காது.

கேள்வி: பிள்ளைக்கு 20 நாள். ஊரில் என்றால் பால்சுறா வறையும் உள்ளிக் கறியும் கிடைத்திருக்கும். இங்கே வீட்டுக்காரம்மா, பால் காணாது, பால்மா வாங்குங்கள் என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறார். காணும், காணாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உடுப்புக் காயும் கொடியைப் பாருங்கள். முதற் கிழமை கழிந்த குழந்தை ஒரு நாளில் ஆறு தடவையாவது நன்றாக நனைத்தால் பால் போகிறது என்று அர்த்தம். நான் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே கொடியில் காயும் துண்டுகளை எண்ணிவிடுவேன். பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். மீதிப் பாதி கிளினிக் தராசில் இருக்கிறது. பிறந்த சில நாட்களில் நிறை கொஞ்சம் குறைவது இயல்பு, இரண்டு கிழமையளவில் பிறந்த நிறைக்குத் திரும்ப வேண்டும். உங்கள் பிள்ளை இன்னும் திரும்பவில்லையென்றால் வீட்டுக்காரம்மாவிடம் அல்ல, கிளினிக்கில் கேளுங்கள்.

ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கேட்பது பசி தீராத குறி அன்று. தேவையில்லாமல் பால்மாப் போத்தலைக் கொடுத்தால் குழந்தை உங்களிடம் உறிஞ்சுவது குறையும், உறிஞ்சுவது குறைந்தால் சுரப்பதும் குறையும், அப்போது வீட்டுக்காரம்மா சொன்னது உண்மையாகிவிடும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். பால்சுறா கிடைத்தால் சாப்பிடுங்கள், நல்ல உணவு. கிடைக்கவில்லையென்று கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பத்தியம் என்று சொல்லித் தாய் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கச் சொன்னால் கேட்க வேண்டாம்.

கேள்வி: என் அம்மா 2009இல் இல்லாமல் போய்விட்டார். அப்போது எனக்கு ஏழு வயது. கிளிநொச்சி டவுணில் இருக்கிறேன். மற்றவர்களின் அம்மாமார் ஆஸ்பத்திரி வாட்டில் வந்து நிற்பதைப் பார்த்த நாளிலிருந்து, எனக்கு யாரும் வளர்த்துக் காட்டவில்லை, நான் எப்படி வளர்ப்பேன் என்ற எண்ணம் விடவில்லை.

பதில்: உங்கள் வயதில் இந்த நிலையில் இருக்கும் தாய்மார் வன்னியில் நிறையப் பேர், ஆனால் ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். ஏழு வயது வரை ஒருவர் உங்களைத் தலை வாரி, ஊட்டி, நித்திரையாக்கி வைத்திருக்கிறார். உங்களுக்குச் சொல்லாக நினைவில்லாவிட்டாலும் கைக்கு அது தெரிந்திருக்கும். பிள்ளையைத் தோளில் போட்டதும் உங்கள் வாயில் என்ன முணுமுணுப்பு வருகிறது என்று கவனித்துப் பாருங்கள்.

இது ஆறுதலுக்காக மட்டும் சொல்வது. காரியத்துக்கு வேறொன்று வேண்டும். கிளினிக் வாங்கிலில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவரின் பிள்ளைக்கும் ஏறக்குறைய உங்கள் பிள்ளையின் வயதே இருக்கும், அவரும் அதே கேள்வியோடுதான் வந்திருப்பார். அவரின் தொலைபேசி இலக்கத்தை வாங்குங்கள். முதிய அனுபவசாலி ஒருவர் செய்வதைப் பார்ப்பதைவிட, உங்களைப் போலவே தடுமாறுகிற ஒருத்தி சமாளிப்பதைப் பார்ப்பதுதான் அதிகத் துணிவைத் தரும். அம்மாவின் நினைவு அழுகையாக வரும் நாட்களில் அழுங்கள், பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அந்த நாட்கள் விடாமல் தொடர்ந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மாமி தொலைபேசியில் ஒன்று சொல்கிறார், யூரியூப்பில் வேறொன்று சொல்கிறார்கள். யாரைக் கேட்பது?

பதில்: நாவூறு கழிப்பது, பொட்டு வைப்பது போன்றவற்றில் மாமியைக் கேளுங்கள், அவருக்கும் சந்தோசம். காய்ச்சல், மருந்து, தடுப்பூசி ஆகியவற்றில் இருவரையும் கேட்க வேண்டாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால், விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: முழங்காவிலிலிருந்து வத்தளைக்கு வந்து நான்கு மாதம். பிள்ளைக்கு இரண்டரை மாதம். கிளினிக்கில் சிங்களத்தில் கேட்கிறார்கள்; புரியாமல் தலையாட்டிவிட்டு வந்து வீட்டில் அழுகிறேன்.

பதில்: முதலில், நீங்கள் இடம் மாறியதை வத்தளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிவு செய்தீர்களா? பிரசவத்துக்குப் பின் முதல் 10 நாட்களுக்குள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்ப்பது அந்தப் பகுதி உத்தியோகத்தரின் கடமை. பதிவில்லாத தாயை அவர் எங்கே தேடுவார்? இப்போதாவது பதியுங்கள். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைக் கையோடு வைத்திருங்கள், அதில் உள்ள நிறைக்கோடு எந்த மொழிக்காரருக்கும் ஒன்றுதான். இரண்டு, நான்கு, ஆறு மாத ஊசிகளின் பக்கத்தையும், 9 மாதத்து எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி), 12 மாதத்து மூளைக் காய்ச்சல் ஊசி ஆகியவற்றின் இடத்தையும் நீங்களே விரலால் காட்டிக் கேட்கலாம். இரண்டு மாத ஊசி போடப்படாமல் இருந்தால் இந்தக் கிழமையே போங்கள். "பபாட்ட உண தியெனவா" என்றால் குழந்தைக்குக் காய்ச்சல், "கிரி பொனவா" என்றால் பால் குடிக்கிறது. இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் எதிரே இருப்பவர் மெதுவாகப் பேசத் தொடங்குவார். புரியாததற்குத் தலையாட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் தகப்பன். மனைவி பிள்ளை பிறந்து ஆறு கிழமையாகியும் சரியாகக் கதைப்பதில்லை, பிள்ளை நித்திரையானாலும் அவர் நித்திரை கொள்வதில்லை. நேற்று, "நான் இல்லாவிட்டால் பிள்ளை நன்றாக இருக்கும்" என்று சொன்னார்.

பதில்: தம்பி, இதைத் துணிவுக் குறைவு என்று எண்ணி ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மூன்றாம், ஐந்தாம் நாளில் வரும் கண்ணீர் இரண்டு கிழமைக்குள் தானாகத் தீரும். அதற்கு மேல் நீடிப்பது பிரசவத்துக்குப் பின்னரான மனச்சோர்வாக இருக்கலாம், அது மருந்தும் பேச்சும் உள்ள நோய். 1987இல் வெளியான எடின்பரோ வினாத்தாளின் பத்துக் கேள்விகளைக் கொண்டு அதை இனங்காண்பார்கள். அவர் நேற்றுச் சொன்ன சொல்லைக் கேட்ட பிறகு காத்திருக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் பேசலாம், வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பேய் பிடித்தது, தோசம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை வாசலிலேயே நிறுத்த வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: வவுனியாவில் நாங்கள் இருக்கும் அறையில் கூரை வளை இல்லை. மின்விசிறிக் கொளுக்கியில் ஏணை (துணித் தொட்டில்) கட்டலாமா? வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார்.

பதில்: கட்ட வேண்டாம். ஊரில் முதிரை வளையில் கட்டியபோது கீழே ஒருவர் ஆட்டிக்கொண்டே இருந்தார், மேலே மின்சாரக் கம்பியும் இல்லை. தரையில் தடித்த பாயை விரித்து, தலையணை வைக்காமல், பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, கைக்கெட்டும் தூரத்தில் நீங்களும் படுங்கள். விசிறி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். வவுனியா வெக்கைக்கு அது உங்கள் இருவருக்கும் வேண்டும்.