ஹிதெயோஷி ஏன் ஷோகன் ஆகவில்லை?

ஜப்பானை ஒன்றாக்கியவர் போர்த் தலைவர் ஹிதெயோஷி என்றால் ஷோகன் (நாட்டின் தலைமைத் தளபதி) பட்டம் ஏன் இன்னொரு பெரிய பிரபுவான தொகுகவா இயெயாசுவுக்குப் போனது, கட்டுரையில் 1590, 1600, 1603 இவற்றில் எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே சரிதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயம்.

1590-இல் ஒடவாரா கோட்டை பணிந்ததோடு ஹிதெயோஷியை எதிர்க்கப் பெரிய பிரபு யாரும் மிச்சமில்லை. ஆனால் அவர் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். அதனால் அரசவைப் பிரபுக்களான கொனோஎ குடும்பத்துக்குத் தத்துப் போய், 1585-லேயே 'கம்பாக்கு' பதவியை வாங்கிவிட்டார். அது பேரரசரின் தலைமை ஆலோசகர் பதவி. ஷோகன் என்பது ராணுவப் பட்டம். ஆக, ஆள்வதற்கு அவருக்கு அந்தப் பட்டம் தேவைப்படவில்லை. கெட்டிக்கார மனிதர்!

1598-இல் அவர் இறந்தபோது மகன் ஹிதெயோரிக்கு ஐந்து வயதுதான். அப்புறம் நடந்தது தெரிந்த கதை: 1600-இல் செகிகஹாரா போரில் இயெயாசு வென்றார், 1603-இல் ஷோகன் ஆனார். இரண்டே ஆண்டில் பட்டத்தை மகன் ஹிதெதாதாவுக்குக் கொடுத்தார். இது இனி எங்கள் வம்சத்துக்கே என்று ஹிதெயோரி தரப்புக்குச் சொன்ன மாதிரி. 1615-இல் ஹிதெயோரியின் ஒசாகா கோட்டை விழுந்து ஹிதெயோஷியின் குடும்பமே முடிந்தது.

உங்கள் தலைப்பு தொகுகவா ஆட்சி என்பதால் 1603 போடுங்கள்.