லேசர் இல்லாமல் வீட்டிலேயே ஹோலோகிராம், அதாவது ஆழத்தோடு மிதப்பதுபோல் தெரியும் படம், வரைய முடியுமா?

முடியும். இரு கூர்முனை கொண்ட டிவைடர், பழைய சிடி உறையின் மூடி, நல்ல வெயில் ஆகியவை போதும். என் ஓய்வு நேரத்தில் பெரும்பகுதி இதில்தான் போகிறது.

இயற்பியலாளர் டென்னிஸ் கேபருக்கு 1971இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த அசல் ஹோலோகிராம், ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடும் விதத்தைப் பதிவு செய்வது. இங்கே நடப்பது, மூடியின் பிளாஸ்டிக்கில் டிவைடரால் போட்ட கீறல்களின் வெறும் எதிரொளிப்பு. வில்லாக வளைந்த ஒரு கீறலை வெயிலில் காட்டினால் அது முழுவதும் மின்னாது. ஒரு புள்ளி மட்டும் மின்னும். தலையை அசைத்தால் அந்தப் புள்ளி வில்லின் மேல் நகரும். இரண்டு கண்களும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் இடக் கண்ணுக்கு ஓரிடத்திலும் வலக் கண்ணுக்குச் சற்றுத் தள்ளியும் மின்னுகிறது. மூளை இரண்டையும் ஒன்றாக்கி, புள்ளி பிளாஸ்டிக்குக்குள் ஆழத்தில் மிதப்பதாக எடுத்துக்கொள்கிறது. துடைத்துப் பளபளப்பாக்கிய கார் ஒன்றின் மேல் இப்படி மிதந்த ஒளியைக் கவனித்து, கையால் வரையும் முறையை 1990களில் பரவலாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் பீட்டி.

மூடியின் கீழ்ப்பகுதியில் உருவத்தைப் புள்ளிகளாகக் குறித்துக்கொள்ளுங்கள். டிவைடரின் ஒரு முனையைப் புள்ளியில் ஊன்றி, மறுமுனையால் மேலே கால்வட்ட அளவுக்கு ஒரு வில். அடுத்த புள்ளிக்கும் அதே விரிவு, அதே வில். டிவைடரின் விரிவு கூடினால் ஆழமும் கூடும். இடையில் அது நழுவினால் உருவம் கோணலாகிவிடும். ஆகவே திருகு வைத்த டிவைடரையே வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கை அழுத்தம். முனை தன் எடையில் வழுக்கிப்போக வேண்டும். துருவல் எழுந்தாலே அழுத்திவிட்டீர்கள் என்று பொருள்; சொரசொரப்பான பள்ளம் ஒளியைச் சிதறடித்து, வில் முழுவதையும் வெளுத்துக் காட்டும். நல்ல கீறல் நிழலில் கண்ணுக்கே தெரியாது.

முதல் உருவத்துக்கு 'ப' எழுத்தைப் பரிந்துரைப்பேன். கிடைக்கோடு மட்டும் இருந்தால் பக்கவாட்டு நகர்வு புலப்படாது. 'ப'வின் இரண்டு நிமிர்ந்த கால்களில் ஆழம் உடனே தெரியும். பூவும் முகமும் பிறகு வரையலாம்.

டியூப் லைட்டில் பார்க்காதீர்கள், எல்லாம் குழம்பிவிடும். வெயில் இல்லாவிட்டால் இருட்டறையில் செல்பேசி டார்ச்சைச் சற்றுத் தள்ளி உயரத்தில் வையுங்கள். மூடிக்குப் பின்னால் கறுப்புத்தாள் ஒட்டினால் இன்னும் தெளிவு. ஆழத்தில் தெரியும் உருவம் பழகியதும் மூடியைத் தலைகீழாகத் திருப்புங்கள்: வளைவு எதிர்த்திசைக்கு மாறுவதால், அதே உருவம் தலைகீழாக உங்களை நோக்கி வெளியே வந்து நிற்கும்.