நிறுவனங்கள் தங்கள் நிதிச் சொத்து, கடன்களின் நியாய மதிப்பை எப்படிக் கணக்கிடுகின்றன?

காரைக்குடியில் தணிக்கை வேலை பார்க்கிறேன். பரம்பரையாகப் பங்கு வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. ஆண்டறிக்கையைப் பிரித்துவைத்துக்கொண்டு, "வாங்குன விலை இருக்கும்போது இது என்ன தம்பி புது விலை?" என்று கேட்கும் ஆச்சிமார்களும் உண்டு.

நியாய மதிப்பு என்பது இன்றைய தேதியில், நெருக்கடி இல்லாத சாதாரண விற்பனையில், சந்தையில் கிடைக்கக்கூடிய விலை. கடன் என்றால், அதை இன்னொருவர் தலையில் மாற்ற நாம் கொடுக்க வேண்டிய தொகை. வாங்கிய விலைக்கு இதில் இடமில்லை. 'நான் விற்கப்போவதில்லை' என்ற எண்ணத்துக்கும் இடமில்லை. இந்தியாவில் இதற்கான விதி இண்ட் ஏஎஸ் (இந்தியக் கணக்கியல் தரநிலை) 113. உலக அளவில் ஐஎஃப்ஆர்எஸ் (சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலை) 13, 2011-ல் வந்தது.

விலை எங்கிருந்து வந்தது என்பதை வைத்து மூன்று நிலைகள். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்கு முதல் நிலை: சந்தை விலையை எண்ணிக்கையால் பெருக்கினால் சரி. மொத்தமாக விற்றால் விலை இறங்குமே என்று கழிக்கக் கூடாது. தரகையும் கழிக்கக் கூடாது.

இரண்டாம் நிலையில் அதே பொருளுக்கு நேரடி விலை இருக்காது, ஆனால் வட்டி விகிதம் போன்ற சந்தைத் தகவல் இருக்கும். பர்மாவில் லேவாதேவி செய்த நகரத்தார்கள் மாதந்தோறும் ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். அப்படி எல்லோருக்கும் தெரிந்த ஒரு வட்டி இருந்தால் போதும். 8 சதவீத வட்டியில் 100 ரூபாய்ப் பத்திரம், இன்னும் 3 வருடம் பாக்கி, இன்றைய சந்தை வட்டி 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடங்களில் வரவேண்டிய 8, 8, 108 ரூபாயை, பின்னால் வரும் பணத்துக்கு இன்று மதிப்பு குறைவு என்பதால், 9 சதவீதத்தில் தள்ளிக் கணக்கிட்டால் இன்றைய மதிப்பு 97.47.

கவனிக்க வேண்டியது மூன்றாம் நிலைதான். பட்டியலில் இல்லாத கம்பெனிப் பங்குக்கு நிர்வாகத்தின் அனுமானமே அடிப்படை. அடுத்த வருடம் 10 லட்சம் வரும், தள்ளுபடி விகிதம் (வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) 12, வருட வளர்ச்சி 3 சதவீதம் என்றால், 10 லட்சத்தை இரண்டின் வித்தியாசமான 9 சதவீதத்தால் வகுக்க, மதிப்பு சுமார் 111 லட்சம். வளர்ச்சியை 4 என்று மாற்றினால் 125 லட்சம்! ஒரே ஒரு சதவீதம், 14 லட்சம் வித்தியாசம். தணிக்கையில் நான் அதிக நேரம் உட்காருவது இந்த இடத்தில்தான்.

கடன் பக்கம் ஒரு விசித்திரம் உண்டு. கம்பெனி கடனைத் திருப்பித் தரும் என்ற நம்பிக்கை குறைந்தால் அதன் கடன் பத்திரத்தின் மதிப்பும் குறையும். ஏட்டில் அது லாபம்! அதனால்தான், நியாய மதிப்பில் காட்டுவதாகக் கம்பெனியே தேர்ந்தெடுத்த கடன்களில் வரும் இந்த லாபத்தைப் பொதுவாக லாப நட்டக் கணக்கில் சேர்க்காமல் பிற விரிவான வருமானம் என்ற தனிப் பகுதியில் காட்டச் சொல்கிறது இண்ட் ஏஎஸ் 109. சாதாரண வங்கிக் கடன்களை ஏட்டில் ஏற்றிய பிறகு ஆண்டுதோறும் நியாய மதிப்புக்கு மாற்றுவது பெரும்பாலும் இல்லை.

ஆண்டறிக்கை கையில் இருந்தால் நிதிநிலைக் குறிப்புகளில் மூன்றாம் நிலை அட்டவணையைத் தேடுங்கள். தொடக்க இருப்பு, வாங்கியது, விற்றது, மதிப்பு மாற்றம் எல்லாம் அங்கே இருக்கும். பயன்படுத்திய விகிதங்களும், அவை கொஞ்சம் நகர்ந்தால் மதிப்பு எவ்வளவு மாறும் என்பதும் கூடவே இருக்கும்.