ஷிப்பும் ஷீப்பும்: குறில் நெடில் மட்டும் போதாது

செங்காங்கிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மகன் தொடக்கநிலை 6 படிக்கிறான். பிஎஸ்எல்இ (சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) ஆங்கில வாய்மொழித் தேர்வுக்காக வீட்டில் வாசிக்க வைக்கிறேன். கப்பலுக்கு 'ஷிப்', ஆட்டுக்கு 'ஷீப்' என்று குறில் நெடிலாகப் பிரித்துச் சொல்லியும் தெளிவில்லை என்கிறார் ஆசிரியர். 'பெட்', 'பேட்' இரண்டும் அவன் வாயில் ஒன்றாகவே வருகின்றன. எதில் தொடங்குவது?"

பிரிட்டிஷ் உச்சரிப்பை ஒட்டிப் பாடநூல்கள் வழக்கமாகச் சொல்லும் உயிரொலிகள் 20: குறில் 7, நெடில் 5, ஓர் ஒலியில் தொடங்கி இன்னொன்றில் முடியும் ஈரொலிகள் 8. தமிழில் நேர் ஒலி இல்லாதவற்றைப் பக்கத்திலிருக்கும் தமிழ் ஒலியில் தள்ளிவிடுகிறோம். சிக்கல் அங்கேதான்.

முதலில் பெட், பேட். படுக்கைக்கு நம் 'எ' போதும். 'கெட்டது' என்ற பொருளில் வரும் சொல்லைத் தமிழில் 'பேட்' என்று எழுதிப் பழகியதால் பிள்ளை 'ஏ' என்கிறான். அந்த ஒலி தமிழில் இல்லை. 'எ' சொல்லிக்கொண்டே தாடையை ஒரு விரல் அளவு இறக்கச் சொல்லுங்கள். 'ஆ'வாக மாறுவதற்கு முன் நிறுத்த வேண்டும். கண்ணாடி முன் செய்தால் தாடை இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். சிங்கப்பூர்ப் பேச்சில் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகவே சொல்வதால் அவன் காதுக்கே வித்தியாசம் பழகியிருக்காது. ஆகவே காதிலிருந்து தொடங்குங்கள். கேம்பிரிட்ஜ் இணைய அகராதியின் பிரிட்டிஷ் ஒலிப்பதிவில் இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது என்று கேளுங்கள். பத்தில் எட்டாவது சரியாக வந்த பிறகே வாய்ப் பயிற்சி.

அடுத்து ஷிப், ஷீப். 'ஈ'யைச் சுருக்கினால் 'ஷிப்' வந்துவிடாது. 'ஈ'க்கு நாக்கு மேலெழும்பி உதடு விரியும். ஆங்கிலக் குறிலுக்கு நாக்கு தளர்ந்து, 'இ'க்கும் 'எ'க்கும் நடுவில் நிற்கும். நீளத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றும். இருக்கையும் 'சீட்', விதையும் 'சீட்' என்றுதான் நம் எழுத்தில் வரும். ஆனால் விதையின் கடைசி ஒலி 'பாடு'வில் வருவது, இருக்கையின் கடைசி ஒலி 'பாட்டு'வில் வருவது. 'பாட்டு' வகை ஒலிக்கு முன்னால் வரும் உயிர் நன்றாகச் சுருங்கிவிடும். அதனால் இருக்கையில் வரும் நெடில், சிறுவனைக் குறிக்கும் 'கிட்'டின் குறில் அளவுக்கே ஒலிக்கலாம். அப்போது கேட்பவருக்கு அடையாளம் நாக்கின் நிலைதான்.

மூன்றாவது, வேலையைக் குறிக்கும் 'வொர்க்'. இதில் 'ஒ' இல்லை. பிரிட்டிஷ் முறையில் 'ர்' ஒலிப்பதும் இல்லை. உதட்டைக் குவித்தால் நடப்பதைக் குறிக்கும் 'வாக்' ஆகிவிடும். இதற்குக் குற்றியலுகரம் கைகொடுக்கும். 'பாட்டு' என்று இயல்பாகச் சொல்லி, உதடு குவியாத அந்தக் கடைசி 'உ'வை நீட்டுங்கள். நாக்கைச் சற்றுக் கீழே, வாயின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். வேண்டிய ஒலிக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள்.

அதே ஒலியைக் குறுக்கித் தளர்த்தினால் 'ஷ்வா'. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் உயிரொலி இதுதான். வாழைப்பழத்தின் 'பனானா'வில் நடு 'நா'வுக்கு மட்டுமே அழுத்தம். முன்னும் பின்னும் ஷ்வா. நாமோ மூன்றுக்கும் முழு மாத்திரை கொடுக்கிறோம். 'டு', 'ஃபார்', 'அண்ட்' போன்ற சிறு சொற்களையும் வாக்கியத்தின் நடுவில் இப்படித்தான் மங்கலாக விட வேண்டும். உரக்க வாசிக்கும் பகுதிக்கு 15 மதிப்பெண். ஒவ்வொரு சொல்லையும் ஒரே எடையில் அடித்து வாசித்தால், உயிரொலிகள் சரியாக இருந்தாலும் வாசிப்பு கட்டையாகக் கேட்கும்.

ஈரொலிகளுக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். 'ஐ', 'ஔ' நம்மிடமே உண்டு. நாளைக் குறிக்கும் 'டே', போவதைக் குறிக்கும் 'கோ' இரண்டையும் இங்கே நேர் 'ஏ', 'ஓ'வாகச் சொன்னாலும் புரியும். மாறாக, 'எக்ஸாம்' 'யெக்ஸாம்' ஆவதையும், 'ஒன்லி' 'வொன்லி' ஆவதையும், 'பஸ்' 'பஸ்ஸு' ஆவதையும் உடனே திருத்துங்கள். கேட்பவர் காதில் முதலில் உறுத்துபவை இவைதான்.

தினமும் பத்து நிமிடம், வாரத்துக்குப் பெட், பேட் போல ஓர் இணை போதும். வாசிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் அவனையே கேட்கவைத்துப் பிழையான சொற்களைக் கோடிடச் சொல்லுங்கள். மூன்று நாளாகியும் அதே சொல் கோட்டுக்குள் வந்தால் வாய்ப் பயிற்சியை நிறுத்திவிட்டு மீண்டும் காதுப் பயிற்சிக்குப் போங்கள்.