வேப்பம்பலகையும் வெயிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேவகோட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் என் ஐயா வைத்த வேம்பு ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது. மில்லில் கொடுத்து ஒன்றரை அங்குலப் பலகைகளாக அறுத்து, மொட்டைமாடியில் வெயிலில் பரப்பினேன். பத்தே நாளில் முனைகள் வெடித்து, பலகைகள் ஓடுபோல வளைந்துவிட்டன. ஊருணியில் ஊறப்போட்டிருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். ஓர் ஊஞ்சல் பலகையாவது தேறுமா?

வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

தேறும். முதலில் பலகைகளை இன்றே மாடியிலிருந்து இறக்கிவிடுங்கள். மேல்முகம் வெயிலில் காய்ந்து சுருங்க, தளத்தோடு ஒட்டிய அடிமுகம் ஈரமாகவே இருந்ததால்தான் அவை வளைந்தன. நார்களின் வாய் திறந்திருக்கும் முனைகளில் ஈரம் பல மடங்கு வேகமாக வெளியேறும். வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். வெடித்தவரை அறுத்துத் தள்ளிவிட்டு, வெட்டுமுகத்தில் உருக்கிய மெழுகையோ மீந்த பெயின்டையோ கனமாகப் பூசுங்கள்.

பச்சை மரத்துக்கு வேண்டியவை நிழலும் ஓட்டமான காற்றும். முகப்பு முதல் பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்த நம் வீடுகளில், வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றிய தாழ்வாரத்தைவிட அதற்கு நல்ல இடம் கிடையாது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மட்டம் பார்த்துக் கட்டைகளை வைத்து, அடுக்குக்கு அடுக்கு முக்கால் அங்குலக் காய்ந்த ரீப்பர்களை (மெல்லிய மரச்சட்டங்களை) ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கொடுங்கள். மேல் ரீப்பர் கீழ் ரீப்பருக்கு நேர் மேலே நிற்க வேண்டும். இது பிசகினால் பாரம் இடைவெளியில் இறங்கி, பலகை அலை அலையாகவே இறுகிவிடும். வளைந்தவற்றை அடியில் போட்டு, உச்சியில் கருங்கல் ஏற்றுங்கள்.

ஊருணியில் ஊறவைப்பதும் பழைய முறைதான். மரத்தின் சாறு கரைவதால் பூச்சி அரிப்பு குறையும். ஆனால் ஊறிய மரமும் பிறகு இப்படித்தான் காய வேண்டும்.

அங்குலத்துக்கு ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. நான் தராசையே நம்புவேன். முனை பூசிய இரண்டடித் துண்டு ஒன்றை அடுக்கில் செருகி, வாரம் ஒருமுறை எடுத்து நிறுத்து, எடையை அதன்மேலேயே சாக்பீஸால் எழுதி வாருங்கள். ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பின்புதான் மரம் சுருங்கத் தொடங்கும். ஆகவே எடை குறைந்தும் அகலம் மாறாத முதல் வாரங்களைக் கண்டு காய்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஐப்பசி மழையில் எடை நின்றுவிடும், சற்று ஏறவும் கூடும். பங்குனி, சித்திரையில் ஒரு மாதம் முழுவதும் எடை அசையாமல் நின்று, விரல் முட்டியால் தட்டினால் மந்த ஒலி போய்க் கணீரென்று கேட்டால் ஆசாரியை அழைக்கலாம்.

மரம் அதன் வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, அதற்குக் குறுக்கே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் ஊஞ்சலுக்கு, முனையில் பார்த்தால் வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும் துண்டுகளையே எடுத்து, மரத்தின் மையத்திலுள்ள நடுக்குருத்தை அறுத்து நீக்கிவிட்டு, இரண்டு மூன்றாக இணைக்கச் சொல்லுங்கள்.