புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை அகற்றிய அறுவைக்குப் பிறகு கணவர் நெருங்கவே தயங்குகிறார். நான் என்ன செய்வது?

ஆறு மாதமாகியும் விறைப்பு வரவில்லை, கையைத் தொட்டால்கூட விலகிப் படுக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசை விட்டுப்போனது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தொட்டால் அது உடலுறவில் போய் நிற்கும், அங்கே தன்னால் முடியாது என்ற பயமே பலரை இப்படி விலக வைக்கிறது. "இன்னைக்கு ஒண்ணும் வேண்டாங்க, சும்மா பக்கத்துல படுத்துக்கலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னபடியே நடந்துகொள்ளவும் வேண்டும்; கொஞ்ச நாள் அணைப்பு மட்டும் போதும்.

விறைப்புக்கான நரம்புகள் புராஸ்டேட்டின் இரு பக்கமும் ஒட்டியே ஓடுகின்றன. வெட்டாமல் விட்டிருந்தாலும் இழுபட்டுச் செயலிழந்து கிடக்கும்; தேற இரண்டு வருடம்கூட ஆகலாம். நரம்பைக் காப்பாற்ற முடிந்ததா, ஒரு பக்கமா இரு பக்கமுமா என்று அறுவை செய்த மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். அடுத்து எது பலிக்கும் என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. புற்றுநோய்க்காக ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசியும் போட்டால் ஆசையே குறையும். அது உங்கள் மேல் வெறுப்பல்ல.

மாத்திரை பலிக்கவில்லை என்பவர்களில் பலர் விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்டபின் போட்டிருப்பார்கள். வெறும் வயிற்றில், ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். கொஞ்சலும் தொடுகையும் இல்லாமல் மாத்திரை மட்டும் எதையும் செய்யாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

நரம்பு போயிருந்தால் வெற்றிட பம்ப் இருக்கிறது; உறுப்பின் மேல் குழாயை வைத்துக் காற்றை உறிஞ்சினால் ரத்தம் நிறைந்து விறைக்கும், அதைத் தக்கவைக்க அடியில் ஒரு வளையம் மாட்டுவார்கள். அடிப்பகுதி முடியைக் கத்தரித்து, ஜெல் தடவினால்தான் காற்று கசியாது. இரண்டு அழுத்து, சற்று நிறுத்து, மறுபடி இரண்டு; அவசரப்பட்டால் வலிக்கும். உறுப்பு சில்லென்று, லேசாக நீலம் பூத்து, அடியில் ஆடும். பயப்பட வேண்டாம், கையால் தாங்கிக்கொள்ளுங்கள். வளையத்தை 30 நிமிடத்துக்குள் கழற்றியாக வேண்டும். விறைப்பு வர உறுப்பில் போடும் ஊசியும் உண்டு; முதல் டோஸ் மருத்துவர் முன்னால்தான். விறைப்பு நான்கு மணி நேரம் தாண்டினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: விறைப்பு இல்லாமலும் உச்சம் வரும். விந்து வராது, சில சமயம் சிறுநீர் சொட்டும். அந்தக் கூச்சத்திலேயே ஒதுங்குகிறவர்கள் உண்டு. முன்னதாகச் சிறுநீர் கழித்துவிட்டு, ஒரு துண்டை நீங்களே விரித்துவையுங்கள்.