விஸ்கான்சின் பெண்களும் அந்த 18.9 விநாடியும்

கல்லூரி விளையாட்டில் மறக்கவே முடியாத சீசன் எது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்கவே வேண்டாம். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் 2024-25 சீசன்தான். 41 ஆட்டங்களில் 38 வெற்றி, 2 டிரா, ஒரே ஒரு தோல்வி.

அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசன் நகரில் வேலை பார்த்தபோதுதான் இந்த விளையாட்டு எனக்குப் பழக்கமானது. அவர்களுடைய லாபான் அரங்கில் மொத்தமே 2,273 இருக்கைகள். முன்வரிசையில் உட்கார்ந்தால், ஓடி வந்தவள் சட்டென்று திரும்பும்போது ஸ்கேட் கத்தி சீவிய ஐஸ் தூள் கண்ணாடியில் வந்து அப்பும். பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) தளத்தைச் சுற்றியுள்ள பலகையில் மோதும் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும். அதை ஒருமுறை அனுபவித்த பிறகு டிவியில் பார்த்தாலும் காது அந்தச் சத்தத்தையே தேடும்.

அந்த வருடம் அணியில் இருந்தவர்களைச் சொல்ல வேண்டும். கேசி ஓ'பிரையன் கோலும் அசிஸ்ட்டுமாக (மற்றவர் கோல் போட உதவும் பாஸ்) 88 புள்ளிகள் எடுத்தார்; அந்தக் கல்லூரியின் சீசன் சாதனை அது. நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான பாட்டி காஸ்மையர் விருதும் அவருக்கே கிடைத்தது. லைலா எட்வர்ட்ஸ் 35 கோல் போட்டார். அமெரிக்கப் பெண்கள் தேசிய அணிக்கு ஆடிய முதல் கறுப்பினப் பெண் அவர்.

இவ்வளவு இருந்தும், 2025 மார்ச் 23 அன்று மினியாபொலிஸில் நடந்த இறுதி ஆட்டத்தில் எல்லாம் கைநழுவிப் போகப் பார்த்தது. எதிரணி ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம். முந்தைய வருட இறுதியில் இதே அணியிடம்தான் 1-0 என்று தோற்றிருந்தார்கள். இப்போதும் 3-2 என்று பின்தங்கி, நேரம் முடியப் போகிறது. கோல் முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. ஆட்டத்தை நிறுத்தி நடுவர்கள் வீடியோவைப் பார்த்தார்கள். கோல்கீப்பர் அல்லாத ஒருவர் கோல் முகப்பில் பக்கைக் கையால் அமுக்கினால் பெனால்டி ஷாட் கொடுப்பது விதி. விஸ்கான்சினுக்குக் கொடுத்தார்கள். மிச்சம் 18.9 விநாடி.

கிர்ஸ்டன் சிம்ஸ் வந்தார். 2023 இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை அடித்ததும் இவர்தான். அவ்வளவு பெரிய ஐஸ் தளத்தில் அவரும் கோல்கீப்பரும் மட்டும். நான் சோபாவை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். உள்ளே போட்டார். 3-3.

பயிற்சியாளர் மார்க் ஜான்சனுக்கு இது புதிதல்ல. 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்கு எதிராக அமெரிக்காவுக்கு ஆடி, முதல் பீரியட் (ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் ஒன்று) முடிய ஒரே ஒரு விநாடி இருக்கும்போது கோல் போட்டுச் சமன் செய்தவர் அவர். அந்த ஆட்டத்தை அமெரிக்கா 4-3 என்று வென்றது.

அப்புறம் கூடுதல் நேரம் தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடியும் சிம்ஸ்! இதுவும் 4-3. விஸ்கான்சினுக்கு எட்டாவது தேசியப் பட்டம்.

முழு ஆட்டம் பார்க்க நேரமில்லை என்றால், மூன்றாவது பீரியடின் கடைசி நிமிடத்திலிருந்தாவது பாருங்கள்.